லேசக்கா பதில் கேட்பதில்லை

வருகைக் காலத்தின் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டால் போதும், எங்கள் சபையில் பாதிப் பேர் மறுநாளிலிருந்து வீட்டில் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் இல்லாத மாதிரி இருப்பார்கள். சன்னல் திரையை இழுத்துவிடுவார்கள், தொலைக்காட்சியின் வாயை அடைப்பார்கள், அழைப்பு மணி அடித்தால் குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒருமுறை பாடகர் குழுத் தலைவர் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டவர், மணியடித்தது தபால்காரர்தான் என்று மனைவி சொல்லியும் நம்பாமல் உள்ளேயே இருந்தார். எல்லாம் லேசக்காவுக்குப் பயந்துதான்.

வருகைக் காலம் என்றால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள். போதகர் அதை அட்வென்ட் என்பார். ஞாயிறுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றுவோம். வரப்போகிறவருக்காக இருதயத்தை ஆயத்தப்படுத்த வேண்டிய நாட்கள். நாங்களெல்லாம் இருதயத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டை ஆயத்தப்படுத்துவோம். சுவருக்கு வெள்ளையடிப்போம், திரை துவைப்போம், கேக்குக்குப் பழம் ஊறவைப்போம். லேசக்கா ஒருத்திதான் சொன்னதைச் சொன்னபடி செய்தவள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

அவளும் நானும் ஒரே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நான் முன் மேஜையில் உட்கார்ந்து பெயர் கேட்டு டோக்கன் கொடுப்பவள், அவள் உள்ளறையில் ரத்தம் எடுப்பவள். சும்மா சொல்லக் கூடாது, அவள் கை மாதிரி ஒரு கை கிடையாது. நரம்பு ஒளிந்துகொள்ளும் கிழவர்கள், ஊசியைப் பார்த்தாலே ஊரைக் கூட்டும் குழந்தைகள், மருந்து ஏற்றி ஏற்றி நரம்பு வற்றிப்போன நோயாளிகள், யார் வந்தாலும் முழங்கை மடிப்பில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடித் தடவிப் பார்ப்பாள். ரப்பர் பட்டையை இறுக்கி, "எறும்பு கடிக்கும், அவ்வளவுதான்" என்பாள். அந்த எறும்பும் கடிக்காது. "அந்தம்மா இருக்காங்களா?" என்று வாசலிலேயே கேட்டு, இல்லையென்றால் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அவள் வாயைப் பற்றித் தெரியாது.

அவள் வாய்க்கு ஒரு பூர்வகதை இருக்கிறது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் வருடக்கணக்காகப் பேசாமல் வாழ்ந்தவர்கள். எதனால் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. தட்டை மேஜையில் வைக்கும் சத்தத்தில்தான் அந்த வீட்டில் பேச்சு நடக்கும். மெதுவாக வைத்தால் சாப்பிடு, ணங்கென்று வைத்தால் தின்னு. அந்த அம்மா படுக்கையில் விழுந்தபோது டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதயம் பெரிசாகிவிட்டது, ரொம்ப நாளாகவே இப்படி வீங்கியிருக்கிறது என்றார். பக்கத்தில் நின்ற சிறுமி கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் உள்ளேயே தங்கி, இடம் போதாமல் நெஞ்சை வீங்கவைத்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டாள். பின்னால் பரிசோதனைக்கூடப் படிப்பு படித்து, இதயம் ஏன் வீங்கும் என்பதைப் பரீட்சையில் சரியாகவே எழுதினாள். ஆனாலும் அந்தப் பழைய முடிவு உள்ளே அசையாமல் கிடந்தது. "எங்கம்மா மாதிரி மனசுல வச்சுக்கிட்டு சாக மாட்டேன்" என்று என்னிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

கல்யாணம் ஆயிற்று. கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். ஒரே மகள், வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றே பெயர். பாப்பா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் சபைக்கு இப்போதுள்ள போதகர் வந்தார். வந்த வருடம், வருகைக் காலத்து முதல் ஞாயிறன்று அவர் ஒரு பிரசங்கம் செய்தார். வருகிறவருக்கு உள்ளே இடம் வேண்டுமென்றால் ஏற்கனவே அடைத்துக்கொண்டு கிடப்பதை வெளியே எடுங்கள், யார்மேல் மனக்குறை இருக்கிறதோ அவரைத் தேடிப் போங்கள், மன்னித்துவிட்டு வாருங்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டோம். லேசக்கா வீட்டுக்குப் போய், யார்மேல் என்ன குறை என்று ஒன்றுவிடாமல் யோசித்து உட்கார்ந்தாள்.

மறுநாள் மாலை ஞாயிற்றுக்கிழமை உடுப்பை உடுத்திக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போனாள். கடை நிறைய ஆள். கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டு கடைக்காரர் முன்னால் நின்றாள்.

"போன மழைக்காலத்துல உங்க ரொட்டிக்குள்ள எலிப் புழுக்கை இருந்துச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல. மனசுலயே வச்சிருந்தேன். இப்ப உங்கள மன்னிச்சிட்டேன்."

வரிசையில் நின்றவர்கள் கையிலிருந்த ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் உள்ளங்கையை உயர்த்தித் தடுத்தாள்.

"பதில் வேணாம். நான் சண்டைக்கு வரல. நீங்க பதில் சொன்னா எனக்குத் திரும்பவும் நிறைஞ்சிடும்."

பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "எனக்கு இப்ப மனசு லேசா இருக்கு" என்றாள். போய்விட்டாள். அந்த வாக்கியம்தான் அவளுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. கடைக்காரருக்குக் கிறிஸ்துமஸ் வரைக்கும் வியாபாரம் படுத்துவிட்டது.

அதிலிருந்து வருடம் தவறாமல் நடந்தது. உட்கார மாட்டாள், தண்ணீர் குடிக்க மாட்டாள், கதவுக்கு உள்ளே ஓரடி வைத்து நின்றபடி மன்னிப்பாள். அவள் சொல்வதில் பொய் இருக்காது, அதுதான் கொடுமை. பொய்யென்றால் சண்டை போட்டுத் துரத்தலாம். உண்மையைக் கொண்டுவந்து மடியில் கொட்டிவிட்டு, வாயையும் அடைத்துவிட்டுப் போகிறவளை என்ன செய்வது? போதகரிடம் முறையிட்டார்கள். அவர் கூப்பிட்டுப் பேசப் பார்த்தார். அவள் போதகரையும் மன்னித்துவிட்டு வந்தாள். அவர் பிரசங்கத்தின் நடுவில் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது அதுவரைக்கும்தான். எங்கள் சபைத் தையல்காரிக்குக் கைக்குழந்தை ஒன்று தூக்கத்திலேயே போய்விட்டது. அந்த வருடம் வருகைக் காலத்து இரண்டாவது வாரத்தில் லேசக்கா அவள் வீட்டு வாசலில் நின்றாள்.

"குழந்தை போன வீட்டுக்குன்னு நான் ஆக்கி எடுத்துட்டு வந்த சாப்பாட்ட நீ நாய்க்குக் கொட்டின. பாத்தவங்க சொன்னாங்க. உன்ன மன்னிச்சிட்டேன்."

பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு எந்தச் சோறு தொண்டையில் இறங்கும்? அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. தையல்காரி எந்திரத்தின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். லேசக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மனசு லேசாகிவிட்டதைச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தையல்காரி அன்றிரவே போனில் இதை என்னிடம் சொன்னபோது, லேசக்காவை அறைந்துவிட்டு அப்புறம் நானும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாமா என்று யோசித்தேன்.

அதற்கு அவசியமில்லாமல் போயிற்று. லேசக்கா அந்த வாசலில் நின்ற அதே மாலை அவளுடைய கணவர் இறந்துவிட்டிருந்தார்.

மன்னிக்கப் போகும்போது அவள் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள், கர்த்தருக்கும் தனக்கும் நடுவில் மணியடிக்கக் கூடாதென்று. திரும்பும்போது அவசரப்பட மாட்டாள், அந்த நடைதான் அவளுக்கு ஜெபம். அன்றும் மெதுவாக நடந்து வந்து இரண்டு மாடி ஏறினால், கணவர் குளியலறை வாசலில் நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தார். மூச்சில்லை. உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டை அலறவிட்டபடி பாப்பா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது.

அடக்கத்தன்று கீழ் வீட்டம்மாள் லேசக்காவைத் தனியே கூப்பிட்டு, "அவர் கூப்பிட்ட மாதிரி கேட்டுச்சு. மேல பாட்டுச் சத்தத்துல சரியா விளங்கல" என்றாள். லேசக்கா அவள் கையைப் பிடித்து, இதை மட்டும் குழந்தையிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாளாம். தன் வாழ்க்கையில் அவள் மனசில் போட்டுப் பூட்டிவைத்த விஷயம் அது ஒன்றுதான். பல வருடம் வைத்திருந்தாள். அதற்காக அவளை மெச்சத்தான் வேண்டும்.

கணவர் போன பிறகாவது வாய் அடங்கும் என்று நினைத்தோம். அடுத்த வருகைக் காலத்தில் என் முறை வந்தது. மேஜைக்கு முன்னால் வெறும் வயிற்றோடு நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளறையிலிருந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து நின்றாள்.

"எம்புருஷன் அடக்கத்துக்கு நீ உதட்டுச் சாயத்தோட வந்த. எல்லாரும் பாத்தாங்க. உன்ன மன்னிச்சிட்டேன்."

என் மகளின் பள்ளி ஆண்டு விழாவில் பாதியில் சேதி கேட்டு, பிள்ளையைக்கூட அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தவள் நான். வாயைத் திறந்தேன். உள்ளங்கை உயர்ந்தது. அந்தப் பதில் எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. அவளுக்கு மனசு லேசானது, எனக்குக் கனத்தது. வரிசையில் நின்ற கிழவர் ஒருவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாப்பா வளர்ந்தாள், படித்தாள், நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. அந்தக் கல்யாணத்துக்கு அடுத்து வந்த வருகைக் காலத்தில் லேசக்காவுக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. சோதித்துப் பார்த்தார்கள், ஒரு கோளாறும் இல்லை. அவளுக்கு வேறு பயம். அம்மா மாதிரி வைத்துக்கொண்டு சாகப் போகிறோம் என்று நினைத்துவிட்டாள். உள்ளே வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதானே. உடுப்பை மாற்றிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

அங்கே எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் இருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய பெற்றோர், பாப்பா. "வாங்கம்மா, உக்காருங்க" என்று எழுந்த பாப்பாவிடம் லேசக்கா நின்றபடியே சொன்னாள்.

"உங்கப்பா உயிர் போறப்ப கூப்பிட்டாரு பாப்பா. நீ பாட்ட சத்தமா வச்சிருந்த, உனக்குக் கேக்கல. கேட்டிருந்தா இன்னிக்கு இருந்திருப்பாரு. இத்தன வருஷம் நான் சொல்லல. இப்ப உன்ன மன்னிச்சிட்டேன்."

பாப்பா வாயைத் திறந்தாள். உள்ளங்கை உயர்ந்தது. பதில் வேண்டாம், மனசு லேசாக இருக்கிறது, கதவு. அவ்வளவுதான். நெஞ்சுப் படபடப்பு அன்றைக்கே நின்றுவிட்டது என்று மறுநாள் எனக்குச் சந்தோஷமாகச் சொன்னாள்.

பாப்பா அதன்பின் வரவில்லை. போன் எடுக்கவில்லை. தேடிப் போனால் மாப்பிள்ளை வாசலுக்கு வந்து, "அவ தூங்குறாம்மா" என்பார், எந்த நேரத்துக்குப் போனாலும். குழந்தை பிறந்ததே ரொட்டிக் கடைக்காரர் மனைவி சொல்லித்தான் லேசக்காவுக்குத் தெரியும். எங்கள் எல்லோருடைய கைபேசியிலும் இருந்த அந்தக் குழந்தையின் படம் அவள் கைபேசியில் இல்லை. என்னுடையதை வாங்கிப் பார்ப்பாள். படத்தை விரலால் பெரிதாக்கி, அந்தக் குட்டி முழங்கையைக் காட்டி, "நல்ல நரம்பு" என்றாள் ஒருநாள். எனக்கு இரக்கம் வந்தது. கூடவே, வேண்டும் உனக்கு என்றும் தோன்றியது. இரண்டும் உண்மைதான்.

போன வருடம் முதல் மெழுகுவர்த்தி ஏற்றிய அன்று அவளுக்கு ஒரு செய்தி வந்தது. நாலாவது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வருகிறேன், பேச வேண்டும் என்று பாப்பா அனுப்பியிருந்தாள். மறுநாள் லேசக்கா அந்தக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு ஓடிவந்தாள். ரப்பர் பட்டை கட்டிய நோயாளியை அப்படியே விட்டுவிட்டு அவள் வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"குழந்தையக் கூட்டிட்டு வருவா இல்ல?"

"கூட்டிட்டு வரலாம்" என்றேன்.

"நான் அவகிட்ட மன்னிப்பு கேக்கணும்" என்றாள். மன்னிக்கத் தெரிந்த அந்த வாயிலிருந்து மன்னிப்புக் கேட்கும் பேச்சு வந்து நான் கேட்டதில்லை. "ஆனா எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. நீ பேசத் தெரிஞ்சவ. சொல்லிக் குடு."

அந்த வருடம் அவள் யார் வீட்டுக்கும் போகவில்லை. திரை இழுத்த வீடுகளில் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தவர்கள் ஏமாந்துபோனார்கள். ரொட்டிக் கடைக்காரர் என்னை நிறுத்தி, "அந்தம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கவலையாகவே விசாரித்தார்.

மதியத்தில் எங்கள் கூடத்தில் ஆள் வராத நேரம் ஒன்று உண்டு. ரத்தக் குப்பிகளில் பெயர்ச் சீட்டு ஒட்டியபடி அவள் மன்னிப்புக் கேட்கப் பழகுவாள். நான் பாப்பாவாக எதிரே உட்காருவேன்.

"பாப்பா, என்னை மன்னிச்சிரும்மா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா நீயும் அன்னிக்குக் கதவத் தெறந்து..."

நான் இருமினேன். 'ஆனா' வரும்போதெல்லாம் இருமுவது என்று பேசிவைத்திருந்தோம்.

"மன்னிச்சிரும்மா. உன் மனசு எவ்வளவு வலிச்சிருக்கும்னு எனக்குப் புரியுது. ஆனாலும் பெத்தவ..."

இருமினேன்.

"ஆனாலும்னு சொன்னாலுமா இருமுவ?"

"அது ஆனாவோட அக்கா. அதுக்கும்தான்."

முதல் வாரம் முழுக்க நான் காசநோய்க்காரி மாதிரி இருமிக்கொண்டிருந்தேன். எங்கள் டாக்டர் எட்டிப் பார்த்து சளிப் பரிசோதனை எழுதட்டுமா என்று கேட்டார். இரண்டாவது வாரம் வாயிலிருந்து 'ஆனா' போய்விட்டது, முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. புருவத்தைத் தூக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். "மூஞ்சி இன்னும் ஆனா சொல்லுது அக்கா" என்றேன். கழிவறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆமா" என்று ஒப்புக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் ஒருநாள் குப்பியைக் கீழே வைத்துவிட்டு, "நான் சொல்லி முடிச்சதும் அவ ஏதாவது சொல்வாளே, அப்ப என்ன பண்றது?" என்றாள்.

"கேக்கணும்."

"கேட்டா நிறைஞ்சிடுமே."

"நிறையட்டும்" என்றேன். என் குரலில் எனக்கே தெரியாத சூடு இருந்தது. "அக்கா, உங்க வீட்டுக்காரர் அடக்கத்துக்கு நான் என் பொண்ணோட ஆண்டு விழாவுல இருந்து வந்தேன். சேதி வந்ததும் அவள மேடையிலயே விட்டுட்டு ஓடி வந்தேன். உதட்டத் துடைக்கணும்னுகூடத் தோணல. இதச் சொல்ல வாயத் தெறந்தப்பதான் நீங்க கையத் தூக்கினீங்க."

அவள் கை பழக்கத்தில் பாதி உயர்ந்தது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கி மடியில் கிடந்தது.

"பொண்ணு அழுதாளா?" என்று கேட்டாள்.

"அழுதா. ரெண்டு நாள் எங்கிட்ட பேசல."

"என்னை மன்னிச்சிரு" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. இத்தனை வருட முள் அவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. எந்தப் பிரசங்கத்தாலும் ஆகாத ஆயத்தம் அந்த ஊசி அறையில் ஆகியிருந்தது. இவள் ஜெயித்துவிடுவாள், பேத்தியை மடியில் வைத்துக்கொள்வாள் என்று நான் நிச்சயமாக நினைத்தேன்.

நாலாவது ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் என்னைக் கையோடு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நீ அடுக்களையில இரு. நான் வழுக்கினா இருமு." வீடு பளிச்சென்று இருந்தது. என் வீட்டிலிருந்து கேட்டு வாங்கிய குழந்தை நாற்காலி மேஜையோரம் நின்றது. ஒரு கிண்ணத்தில் பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்திருந்தாள். மேஜை முனைகளில் எல்லாம் பஞ்சு வைத்து, ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டுகிற பட்டையால் சுற்றியிருந்தாள், குழந்தை தலையை இடித்துக்கொள்ளக் கூடாதென்று. காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நான் அடுக்களைக் கதவோரம் நின்றேன்.

படியில் காலடி கேட்டது. ஒரே ஆளின் காலடி. லேசக்கா கதவைத் திறந்தாள்.

பாப்பா ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் இருந்தாள். கதவுக்கு உள்ளே ஓரடி வைத்து நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்திருந்தாள். அந்தப் பிடியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. லேசக்காவுக்குப் புரியவில்லை. தன் பிடி வெளியிலிருந்து எப்படி இருக்கும் என்று அவள் எங்கே பார்த்தாள்?

"உக்காரும்மா. குழந்தை?"

"கீழ வண்டியில தூங்குறா. அவர் கூட இருக்காரு. நான் உக்காரலம்மா."

"தண்ணியாவது..."

"வேணாம்."

"பாப்பா, நான் உங்கிட்ட ஒண்ணு..."

"நான் மொதல்ல சொல்லிடுறேன்மா" என்றாள். குரலில் கோபமே இல்லை, நன்றாக ஜெபித்துவிட்டு வந்த குரல். "அப்பா கூப்பிட்டத நான் கேக்கலன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் ராத்திரி கண்ண மூடினா அவர் கூப்பிடுறது கேக்கும். கீழ் வீட்டம்மா இப்ப அவங்க மகன் வீட்ல இருக்காங்க. அங்க போய்க் கேட்டேன். அப்பா என்னக் கூப்பிடலம்மா. உங்க பேரத்தான் கூப்பிட்டிருக்காரு. ஒரு தடவ இல்ல, திரும்பத் திரும்ப. நீங்க பாவம்னு அவங்க உங்ககிட்ட முழுசாச் சொல்லல."

லேசக்கா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அப்ப தையல்காரக்கா வீட்டு வாசல்ல நின்னுட்டிருந்தீங்க. போன இங்க வச்சிட்டுப் போயிட்டீங்க. அவங்க அழுதத நின்னு பாத்துட்டு, மெதுவா நடந்து வந்தீங்க. இத ரொம்ப நாளா மனசுல வச்சிருந்தேன். எம்பொண்ணத் தூக்கும்போதெல்லாம் இது நடுவுல வருது. இந்த வருஷமாவது கர்த்தருக்கு இடம் குடுக்கணும்னு போதகரோட சேந்து ஜெபிச்சிட்டு வந்தேன். உங்கள மன்னிச்சிட்டேன்மா."

லேசக்காவின் உதடு அசைந்தது. "பாப்பா, என்னை..."

பாப்பாவின் உள்ளங்கை உயர்ந்தது. அம்மாவின் கை அளவுதான், அதே உயரத்தில், அதே மாதிரி விரல் சேர்ந்திருந்தது.

"பதில் வேணாம்மா. கேட்டா எனக்குத் திரும்பவும் நிறைஞ்சிடும்."

நான் அடுக்களையிலிருந்து வெளியே வந்து பாப்பாவைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஒரு நிமிடம் இரும்மா, உங்கம்மா மூன்று வாரமாகப் பழகியிருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்த பிறகு கால் எழவில்லை. பல வருடத்துக்குப் பிறகு நன்றாக மூச்சு விடுகிறவளின் முகம் அது. அவள் பழிவாங்க வரவில்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே வழியில் தன் இருதயத்தை ஆயத்தப்படுத்த வந்திருந்தாள்.

"எனக்கு இப்ப மனசு லேசா இருக்கு" என்றாள். படியிறங்கிப் போனாள். அவசரமே இல்லாத நடை.

லேசக்கா சன்னலுக்குப் போனாள். நானும் பின்னால் போய் நின்றேன். கீழே வண்டியின் பின் கண்ணாடி வழியாகக் காலுறை போட்ட ஒரு குட்டிக் கால் தெரிந்தது. முகம் தெரியவில்லை. பாப்பா பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, தூங்கும் குழந்தையை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பும்வரை மேலே பார்க்கவில்லை.

தெரு காலியான பிறகு லேசக்கா பேச ஆரம்பித்தாள். சன்னலைப் பார்த்துத்தான் பேசினாள்.

"பாப்பா, என்னை மன்னிச்சிரும்மா. நான் உங்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உங்கப்பா போனது உன்னால இல்ல. நான் வீட்ல இருந்திருக்கணும். எனக்குப் பயமா இருந்துச்சு, அதத் தூக்கி உம்மேல போட்டேன். நீ சின்னப் பிள்ளை. என்னை மன்னிச்சிரு."

பாதி நாங்கள் பழகியது, பாதி அவளாகச் சேர்த்தது. புருவம் அசையவில்லை. அடுக்களையில் தண்ணீர் கொதித்துச் சுண்டிக்கொண்டிருந்தது, போய் அணைக்கத் தோன்றவில்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். மேஜை மூலையில் சுற்றியிருந்த பஞ்சை விரலால் அழுத்திக்கொண்டே கேட்டாள்.

"ஆனா வந்துச்சா?"

"வரலக்கா" என்றேன். "ஒரு தடவகூட வரல."